கன்னத்தில் பிளாஸ்டர்

சிறுவர் வைத்தியசாலையில் நான் கண் வைத்தியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், கஹவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் நான்கு வயது மகளைக் கூட்டிவந்தார். சிங்களத்தில்தான் பேச ஆரம்பித்தார். கஹவத்தை பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள் நான் என்று தமிழில் சொன்னதும், "அட, நம்ம ஊரு மிஸ்ஸா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிள்ளைக்கு வலது கண்ணில் பார்வை மிகக் குறைவு. கண்ணாடி போட்டு, நன்றாகத் தெரியும் இடது கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்டரால் மூடிவைத்தால், சோம்பிக் கிடக்கும் கண் வேலைசெய்யப் பழகும். விளக்கிச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோது ஒரு முன்னேற்றமும் இல்லை.

"ஒட்டவே இல்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"ஒட்டுறேன் மிஸ். நான் மலைக்கு வேலைக்குப் போனதும் பிச்சுப் போட்டுருது. புள்ளக் காம்பராவுல மத்ததுங்க 'ஒத்தக் கண்ணி'ன்னு சிரிக்குதுங்களாம்."

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கேட்ட தொனியை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து லீவில் வீட்டுக்குப் போனபோது, மனம் கேட்காமல் ஓட்டோ பிடித்து அந்தத் தோட்டத்துக்கே போனேன். புள்ளக் காம்பராவின் கதவைத் திறந்த, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் இடது கண்ணில் பிளாஸ்டர். அவருக்குப் பின்னால் நின்ற குழந்தைகள் அத்தனை பேர் முகத்திலும் பிளாஸ்டர். எல்லோருடைய கண்ணையும் மூடிவிட்டாரோ என்று பதறினேன்.

"பயந்துறாதீங்க மிஸ், அதுகளுக்குக் கண்ணுல இல்ல, கன்னத்துல," என்று சிரித்தார். "புள்ளைக்குத் தொணையா நான் ஒன்னு ஒட்டிக்கிட்டேன். ஒடனே எல்லாம் 'எனக்கு, எனக்கு'ன்னு ஒரே அழுகை. இப்ப ஒருத்தரும் பிக்கிறதில்ல. ஆனா டப்பாதான் காலி."

கூட்டத்திலிருந்து என் நோயாளி வந்தாள். மூடாத வலது கண்ணால் அண்ணாந்து என்னையே சிறிது நேரம் பார்த்தாள்.

"மிஸ்ஸு மூக்குத்தி போட்டிருக்கு."

கடுகளவுக் கல் அது. அந்த இடத்திலேயே அவளைத் தூக்கிக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பியதும் நான்கு டப்பா பிளாஸ்டர் அனுப்பிவைத்தேன். இப்போது அவள் முதலாம் ஆண்டில் படிக்கிறாள், கண்ணாடி மட்டும்தான். கிளினிக்குக்கு வந்தால் நான் சொல்லும்வரை காத்திருப்பதில்லை. தானாகவே நாற்காலியில் ஏறி, கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரிலுள்ள எழுத்துகளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிடுகிறாள்.