ராமுத்தாய் சொன்னதும் சித்ரகலா எழுதியதும்

சித்ரகலா என்ற பெயரை நான் முதலில் கேட்டது வெள்ளகோவிலில். என் வீட்டுக்காரருடைய தங்கை செல்லாத்தாளுக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். எங்கள் வகையில் அதுவரை பெண்பிள்ளைகளுக்கு மயிலாள், சுப்பாத்தாள் என்றுதான் பெயர். "இந்தப் பேர எழுதறதுக்கே ஒரு நோட்டு வேணுமாட்ட இருக்குதே" என்று என் மாமியார் சிரித்தார்.

எழுத்து அவளோடு ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டாவது முடித்தாள். கல்யாணமாகி நாங்கள் இருக்கும் நெருப்பெரிச்சல் என்ற ஊருக்கே வந்து, பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேசையில் பத்து வருஷம் நின்றாள்.

பக்கத்தில் நின்றவள் ராமுத்தாய். கோயில்பட்டிப் பக்கத்துக்காரி, எழுதப் படிக்கத் தெரியாது. வரிசையாக அறைகள் இருக்கும் எங்கள் லைன் வீட்டில் எனக்கு அடுத்த அறை. கம்பெனியில் பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். இவளுக்கு அவள், அவளுக்கு இவள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்ரகலாவை ஆபீசில் உட்கார வைத்தார்கள். "காலு வீக்கம் வத்திப்போச்சுங்க அத்தை" என்று எனக்குக் காட்டினாள். நானும் சந்தோஷப்பட்டேன்.

போன தை மாதம், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, வேலை செய்கிறவர்களுக்கு வசதி எப்படி என்று பார்க்க ஆடிட் வருவதாக இருந்தது. புகார்ப் பெட்டியில் போடச் சொல்லி ராமுத்தாய் வாயால் சொன்னாள், சித்ரகலா எழுதினாள். தன் பெயரையும் போடச் சொன்னாள் ராமுத்தாய்.

"கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்ல. ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சிக்கிடணும். ஆம்பளையாளு ரெண்டு தடவ கதவத் தள்ளிட்டான். மூணு மாசமாச் சொல்லுதோம், யாரும் கேக்கல."

பெட்டியைத் திறந்த மேனேஜர் செந்தில்வேல் கையெழுத்தைப் பார்த்துச் சீட்டைச் சித்ரகலாவிடமே கொண்டுவந்தார். "ஏனுங்க, ஆடிட்டுக்கு வர்றவங்க இதப் பாத்தா ஆர்டரே போயிருமுங்க. கொஞ்சம் பதமா எழுதிப் போடுங்க. ஆனா ஆபீஸ் பேச்சாட்ட இருக்கக்கூடாது. அந்தப் புள்ள பேசறாப்லயே இருக்கோணும்."

சித்ரகலா தன் போனில் இருக்கும் ஏஐயிடம் கொடுத்தாள். ராமுத்தாய் பேச்சு மாறாமல், காரத்தை மட்டும் குறை என்று கேட்டாள். முதலில் அது வாக்கியத்தை மட்டும் ஒழுங்குபண்ணித் தந்ததாம். தாழ்ப்பாளும் கதவைத் தள்ளியதும் அப்படியே இருந்தன. அவற்றை எடு என்றதற்கு, எடுத்தால் அவர் சொல்ல வந்ததே போய்விடும், அவருக்குச் சம்மதமா என்று கேட்டதாம். சம்மதம் என்று இவளே அடித்திருக்கிறாள். அதற்குப் பிறகு அது தந்தது இதுதான்:

"கக்கூஸு நல்லாத்தான் இருக்கு. கதவ மட்டும் கொஞ்சம் பாத்தாங்கன்னா புண்ணியமாப் போவும். வேற ஒண்ணும் கொறையில்ல."

பேச்சு அசல் ராமுத்தாய்தான். அதைப் புதுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

ஆடிட்டுக்கு வந்த அம்மா வாசித்துக் காட்டி, "நீங்க சொன்னதுதானா?" என்று ராமுத்தாயிடம் கேட்டார். அவள் ஆமாம் என்றாளாம்.

அன்றைக்குச் சாயங்காலம் சித்ரகலா என் வீட்டுக்கு வந்தாள். பார்த்ததும் ராமுத்தாய் ஓடி வந்தாள். "எக்கா, எனக்குத்தான் ஒழுங்காச் சொல்லத் தெரியல போல. வாசிக்கையில நான் பேசுத மாதிரியேதான் இருந்துச்சு. உங்களையும் வீணா எழுத வச்சிட்டேன். மன்னிச்சிக்கிடுங்க."

சித்ரகலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். தலையைத் தூக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் சொன்னார் என்று ஆரம்பித்தவள், "இல்ல கண்ணு, சம்மதம்னு நாந்தான் போட்டேன்" என்று முடித்தாள்.

ராமுத்தாய் திட்டவில்லை. "அப்ப நான் சரியாத்தான் சொல்லிருக்கேன்?"

"சரியாத்தான் சொன்னே."

"தாப்பான்னு சொன்னேன்லா? தள்ளுனான்னும் சொன்னேன்லா?"

"சொன்னே."

அவள் அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் போட்ட சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. எங்கள் வகைப் பெண் செய்த காரியம். இன்றைக்கும் குழாயடியில் ராமுத்தாய் வந்தால் குடத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மறுநாள் சித்ரகலா பழைய சீட்டை அப்படியே திரும்ப எழுதி மேனேஜர் மேசையில் வைத்தாள். "ஆடிட்தான் முடிஞ்சுருச்சுங்களே" என்று அவர் டிராயரில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் இவளை ஆபீசிலிருந்து இறக்கிவிட்டார்கள். இவளும் ஏன் என்று கேட்கவில்லை.

தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. கதவைப் பிடிக்க ராமுத்தாய் கோமளா என்ற பெண்ணைக் கூட்டிப் போகிறாள். சித்ரகலா பழைய செக்கிங் மேசையில் நின்று வேலை பார்க்கிறாள்.