இரவல் போன குழவிக்கல்

ஓசூர் பக்கம் மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் சுவர்கள் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் விட்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஓடும். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். அதனால் அந்த லைனில் ஒரு மரியாதை உண்டு. எந்த வீட்டில் சண்டை வந்தாலும் மற்றவர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். உங்கள் மானம் எங்கள் காதில் விழவில்லை என்று சொல்ல அதுதான் வழி. அப்பா அடிக்க ஆரம்பித்ததும் முதலில் இடப்பக்கத்து வீட்டில் செய்தி உரக்கக் கேட்கும். பிறகு சீரியல், பாட்டு, கன்னட சேனல் எல்லாம் சேர்ந்து அலறும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் விலா எலும்பு ஒன்று முறிந்தது.

அப்பா இரும்பு வார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். விரல் நசுங்காமல் இருக்க, முன்பக்கம் தகடு வைத்த ஷூ கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் எங்களை உதைப்பார். நைட் ஷிஃப்ட் வாரம்தான் எங்களுக்கு மோசமான வாரம். காலையில் வந்து சாயங்காலம் வரை தூங்குவார். அம்மா துணிக் கம்பெனிக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அந்த ஒற்றை அறையில் நானும் தம்பியும் மூச்சுச் சத்தம் கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தால் முகத்தில் வெளிச்சம் அடிக்கும் என்று வெளியே போகவும் விடமாட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஐந்து. ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கும்? அவன் இருமினால் உதை விழும். நான் குறுக்கே போய் விழுவேன்.

அந்த வருஷம் வலப்பக்கத்து வீட்டுக்கு ஒரு தெலுங்குக்கார அக்கா குடிவந்தார். ஆந்திராவில் குப்பம் பக்கத்து ஆள். புருஷன் லாரி டிரைவர், பிள்ளைகள் இல்லை. லைனின் மரியாதை அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பிடிக்கவில்லை. வந்த புதிதிலேயே, அப்பா பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார். கையில் ஒரு காலி டம்ளர்.

"சக்கரை இருந்தா குடுங்கண்ணா."

அப்பா இல்லை என்றார். அப்படியானால் காபித்தூள் என்றார் அக்கா. அதுவும் இல்லை என்றதும் வாசல்படியிலேயே உட்கார்ந்து, தண்ணி லாரி வராத கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வெளியாள் முன்னால் அப்பாவுக்குக் கை ஓங்காது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் அந்த டம்ளர் வந்தது. ஒருநாள் அப்பா கேட்டேவிட்டார்.

"ஏம்மா, உன் வூட்ல உப்புகூட இல்லாமத்தான் குடித்தனம் பண்றியா?"

"டிரைவர் பொண்டாட்டிண்ணா. வாங்கிப் போடறதெல்லாம் வண்டியிலயே போயிடுது."

இதைக் கேட்பதற்காக லைனில் டிவியைக் குறைத்தார்கள். யாரோ சிரித்ததும் கேட்டது.

அடி நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு முடிவு வந்தது. டம்ளர் வரும் என்று தெரிந்து அடி வாங்குவது வேறு, எதுவும் வராது என்று வாங்குவது வேறு. பிற்பாடு பர்கூர் கல் பாலிஷ் பட்டறை, ஓசூர் கம்பெனிகள், பெங்களூர் ஹாஸ்டல்கள் என்று ஓரிடத்தில் நிலைக்காமல் சுற்றியிருக்கிறேன். அடிபட்டு வளர்ந்த பெண்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். சிலர் ராத்திரி தூங்கமாட்டார்கள், சிலர் கையைக் கிழித்துக்கொள்வார்கள். எனக்கு அது வராததற்கு நான் திடமானவள் என்பது காரணம் இல்லை. எங்கள் கதவை ஒருத்தி தட்டினாள்.

உகாதிக்கு அக்கா ஊருக்குப் போயிருந்தார். நைட் ஷிஃப்ட் வாரம். தம்பி தட்டைக் கீழே போட்டுவிட்டான். அப்பா எழுந்து அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினார், திரும்பவும் மோதினார். டிவிகள் ஏறின. நான் அவர் கையைக் கடித்தேன். என்னை உதைத்துத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தார். வேலை முடிந்த ஆள் மாதிரி குறட்டை வந்தது. தம்பியின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் அவன் அழக்கூட இல்லை.

அப்பா மிக்ஸியை அம்மா முகத்தில் எறிந்து உடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் அம்மிதான். குழவிக்கல்லை எடுத்தேன். கோபம் எதுவும் இல்லை. தம்பி இந்த வாரத்தைத் தாண்டமாட்டான் என்று தோன்றியது, அவ்வளவுதான். கல்லை நெஞ்சோடு அணைத்து, அப்பாவின் காதுக்கு மேலே அடிக்க ஓர் இடம் பார்த்துவைத்தேன்.

கதவு தட்டப்பட்டது. தம்பி போய்த் திறந்தான். ஊரிலிருந்து வந்த கையோடு அக்கா டம்ளருடன் நின்றார். அந்த நேரம் எங்கள் வீட்டில் குறட்டையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. நிஜமாகவே டீ போடச் சக்கரை இல்லாமல்தான் வந்தாராம், பிறகு சொன்னார்.

என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தம்பியின் கழுத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

"அதைக் குடு பாப்பா. எனக்கு அரைக்கணும்."

தரமாட்டேன் என்று தலையாட்டினேன்.

"உன்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா இவன் காதுக்கு யாரு மருந்து போடுவா?"

கொடுத்தேன். கல்லை ஒரு இடுப்பிலும் தம்பியை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு போனார். கல்லை அவர் வீட்டில் இறக்கிவிட்டு மூவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தம்பிக்கு அந்தக் காது இன்றும் சரியாகக் கேட்காது.

குழவிக்கல் திரும்பி வரவில்லை. அப்பா கேட்டபோதெல்லாம், "இன்னும் அரைச்சு முடியலண்ணா" என்றார் அக்கா. நான் கல்லை எதற்கு எடுத்தேன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சொன்னோம், அவள் கல்லைத் திரும்பக் கேட்கவே இல்லை. பள்ளிக்கூட லீவு நாளில் அம்மா கிண்ணத்தில் மிளகாயும் பூண்டும் போட்டு, அக்கா வீட்டில் அரைத்து வாங்கிவரச் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டு வேலைக்குப் போவாள். குழம்பு வேண்டும் என்பதால் அப்பாவால் மறுக்க முடியவில்லை. ஒரு கிண்ணம் மிளகாய் அரைக்கச் சாயங்காலம் ஆகும்.

அங்கேயும் சுவர் கூரை வரை போகாது. பிள்ளைச் சத்தம் கேட்டால் அப்பா எழுந்துவிடுவார். ஆனால் டிவிச் சத்தத்தில் தூங்கி அவருக்குப் பழக்கம், ஏன் டிவியைக் கூட்டினாய் என்று போய்க் கேட்பதும் அந்த லைனில் மரியாதை இல்லை. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அக்கா கதவைச் சாத்தி, டிவியை முழுசாக ஏற்றிவிட்டுத் தம்பியிடம் சொல்வார்:

"இப்ப கத்துடா."

அவன் கத்துவான்.