பாரம் தூக்காத தோள்

என் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்த பிறகு நான் அவளைத் தோளில் சுமக்க வேண்டும்.

பக்கத்துத் தெருவில் இறந்துபோன ஒருவரை வேனில் ஏற்றிக் கொண்டுபோன அன்று இதைக் கேட்டாள். கண்ணாடி போட்ட வேன், உள்ளே ஏசி. "சரக்கு ஏத்துத மாதிரில்லா ஏத்துதானுவ," என்று முகத்தைச் சுளித்தாள். சவப்பெட்டியை வைத்துத் தூக்கும் மரத் தூக்குக்கு எங்கள் கடற்கரையில் தூம்பா என்று பெயர். நாலு பேர் தோள் கொடுக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து மாதா கோவில்வரை சில குடும்பங்கள் இன்னும் அதில்தான் கொண்டுபோகின்றன.

"ஏலே, என்னய தூம்பாவுலதான் கொண்டு போகணும். நீ முன்னால வலது பக்கம் நில்லு. உங்கப்பாவுக்கும் அங்கனதான நின்ன."

"அதுக்கு இப்ப என்னம்மா அவசரம்? பாத்துக்கிடலாம்," என்றேன்.

தூம்பாவின் வலது பக்கம் நிற்பவனுக்குப் பாரம் இடது தோளில் ஏறும். அப்பா இறந்தபோது எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, அழுதுகொண்டே தூக்கினேன், கனமே தெரியவில்லை. அம்மா இதைக் கேட்ட நேரத்தில் என் இடது தோள் வலிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அது இன்னும் விடவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. ஒற்றைப் பிள்ளை, வேறு யாரிடம் கேட்பாள்?

அம்மா மீன் விற்றவள். தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியச் சட்டி, அதற்குள் சாளையும் ஊளியும் ஐஸும். கரையிலிருந்து டவுனுக்குள் தெருத் தெருவாக நடப்பாள். முப்பது வருடம் அந்தச் சட்டி அவள் தலையில் இருந்தது. கழுத்து மட்டும் கடைசிவரை கம்பு மாதிரி நிமிர்ந்தே நின்றது. குனிந்தால் மீன் தரையில் கிடக்கும், வேறு வழியில்லை. என்னை மட்டும் அந்தச் சட்டியைத் தொடவே விடமாட்டாள். என் மகன் தலையில் சுமை ஏறக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லுவாள். பள்ளிக்கூடம் முடித்ததும் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று சொல்லும்போது அவள் குரல் தனியாக இருக்கும். அந்தக் குரலுக்காகத்தான் நான் பல வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன். கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

என் வேலை துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்வது. உலர் பூ, உப்பு, இறால், தீப்பெட்டி, எது போனாலும் அதற்கு ஷிப்பிங் பில் போட வேண்டும், கண்டெய்னர் எண்ணும் அதன் கதவில் போடும் சீல் எண்ணும் பிசகாமல் ஏற்ற வேண்டும். ஒரு எண் மாறினால் லாரி துறைமுக வாசலில் நிற்கும். வாசல் மூடுவதற்குள் சரிசெய்யாவிட்டால் கப்பல் போய்விடும். பதினான்கு வருடமாக ஒரே மேசை. என் நாற்காலி காலையில் சரியான உயரத்தில் இருக்கும், மதியத்துக்குள் தானாக இறங்கிவிடும், மேசை நெஞ்சுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் திரையோ பள்ளத்தில் இருந்தது. இடது பக்கம் பில்லும் பேக்கிங் லிஸ்டும் குவிந்து கிடக்கும். அதைக் குனிந்து பார்த்து, திரும்பித் திரையைப் பார்த்து, மறுபடி குனிந்து. எறும்பு எழுத்து வேறு. நாளடைவில் நான் திரையைப் பார்க்கிறேனா மோந்து பார்க்கிறேனா என்று சொல்ல முடியாத அளவுக்குத் தலை முன்னால் போய்விட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் தொழிலுக்கென்றே ஒரு உட்காரும் முறை உண்டு, துறைமுகத்தைச் சுற்றி எந்த ஆபீஸில் நுழைந்தாலும் பார்க்கலாம். தலையை இடது பக்கம் சாய்த்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டச்சு செய்வது. மறுமுனையில் வாசலில் நிற்கும் டிரைவர் கண்டெய்னர் எண்ணைச் சொல்லுவார். நாலு எழுத்து, ஏழு எண். அவர் சொல்லச் சொல்ல நாம் அடிக்க வேண்டும். கைக்கு வேலை இருக்கும்போது போனைப் பிடிக்கக் கை ஏது? புதிதாகச் சேர்ந்தவன் போனைக் கையில் பிடித்துப் பேசினால் நாங்களே சிரிப்போம். தோளில் இடுக்க வந்துவிட்டால் வேலை படிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமை வேறு.

வலி முதலில் ஒரு பிடிப்பாகத்தான் வந்தது. அம்மா தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள்.

"என்னல இது, கல்லு கல்லா கட்டிக்கிட்டு கெடக்கு?"

"தலகாணி சரியில்லம்மா."

அவள் மறுநாளே புது இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிவந்தாள். என் மாமா மகன், விசைப்படகில் போகிறவன், அன்றைக்கு வீட்டில் இருந்தான். எனக்கு மச்சான், சிறுவயதிலிருந்தே கூட்டாளி. வலை இழுத்து இழுத்து அவன் தோள் இரண்டும் பலகை மாதிரி இருக்கும். "நோகாம நோம்பு கும்பிடுதவனுக்கு என்னல தோள்வலி? போன்ல பேசுனா தோள் வலிக்குமோ?" என்று கேட்டான். அம்மாவும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வலிப்பதைவிட, வலிப்பதற்குக் காரணம் சொல்ல முடியாமல் இருப்பது கேவலமாக இருந்தது. மூட்டை தூக்குகிறவன் வலிக்கிறது என்றால் ஊர் உச்சுக் கொட்டும். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒருவன் முடமாவான் என்றால் எங்கள் கரையில் யார் நம்புவார்கள்?

பிறகு விரல்கள் மரத்தன. இடது கைச் சுண்டுவிரலும் அடுத்ததும் என்னுடையவையாக இல்லாமல் போயின. ஒருநாள் ஆபீஸில் டீ கிளாஸ் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. நான் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஆபீஸில் எப்படி உட்காருவேனோ அப்படியே உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். அவளுடைய போனைக் கொடுத்தாள். கொடுத்ததும் அதைத் தோளில் இடுக்கிக்கொண்டேன், யோசிக்கவே இல்லை.

அவள் சிரிக்கவில்லை. "தலை நேரா இருந்தா கழுத்து சுமக்கும் சார். முன்னால போகப் போக அதே தலைதான் பாரம். நீங்க தினமும் உங்க தலையத்தான் தூக்குதீங்க," என்றாள்.

என் தலையில் சுமை ஏறக்கூடாது என்று அம்மா முப்பது வருடம் நடந்தாள். எனக்கு என் தலையே சுமையாகிவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது இதை நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பிசியோதெரபிப் பெண் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன். திரை கண் உயரத்துக்கு வர வேண்டும் என்றாள். பழைய ஃபைல்களை அடுக்கி அதன்மேல் வைத்தேன். பத்து நாள் சுகமாக இருந்தது. பிறகு கஸ்டம்ஸில் பழைய பில் ஒன்றைக் கேட்டார்கள், முதலாளி அண்ணாச்சி வந்து அடியிலிருந்த ஃபைலை உருவிக்கொண்டு போனார், திரை மறுபடி பள்ளத்துக்கு வந்தது. "நிமிந்து உக்காருங்க தம்பி, எல்லாம் சரியாயிரும்," என்று போகிற போக்கில் சொன்னார். நல்ல மனிதர்தான். காதில் மாட்டும் ஒயர் வாங்கினேன். துறைமுக வாசலில் அடிக்கிற காற்றில் டிரைவர் சொல்லும் எண் அதில் விளங்கவில்லை. இரண்டு தரம் எண் மாறிப்போயிற்று, ஒயரைச் சுருட்டி டிராயரில் போட்டேன். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடக்கச் சொன்னாள். வாசல் மூடப்போகும் நேரத்தில் எழுந்து நடக்கிறவனை எங்கள் ஆபீஸில் வீட்டுக்கே நடந்துபோகச் சொல்லிவிடுவார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. முதல் வருடமே செய்திருக்க வேண்டியதைக் கை மரத்த பிறகு செய்தேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

கழுத்துக்குப் பட்டை கொடுத்திருந்தார்கள். ஆபீஸில் போட்டுக்கொள்வேன். தெருமுனையில் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் திணித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். "அத்தைட்ட சொல்லிருங்க, அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க," என்று பலமுறை சொன்னாள். என்னவென்று சொல்வது? உன்னை என்னால் தூக்க முடியாது என்றா?

ஒருநாள் அம்மா டிபன் பாத்திரத்தைக் கழுவப் பையைத் திறந்தவள், பட்டையை எடுத்து வெளியே வைத்தாள்.

"இது யாருக்குல?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு. வாங்கிட்டு வரச் சொன்னாரு."

பட்டையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். உட்புறம் என் வேர்வையில் கறுத்திருந்தது. அவள் மூக்கு மீனையே பழசா புதுசா என்று சொல்லிவிடும் மூக்கு.

"பாவம். என்ன பாரம் தூக்குனாரோ," என்றாள். மடித்துப் பையிலேயே வைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அதற்குப் பிறகு அவள் தூம்பாவைப் பற்றிப் பேசவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் நிம்மதிகூடப் பட்டேன்.

போன ஐப்பசியில் அம்மா இறந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள் எழவில்லை. காலை முழுவதும் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். வேன் வேண்டாம், தூம்பாதான் என்று நானே கோவிலில் சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி கையைப் பிடித்தாள். "யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?" என்றாள். கையை உதறினேன், சாவு வீட்டில் எல்லார் முன்பும்.

மாலையில் தூம்பா வந்தது. முன்னால் வலது பக்கம் போய் நின்றேன். எனக்கு இடப்பக்கம் மச்சான், பின்னால் அவன் தம்பிமார் இரண்டு பேர். தூக்கினோம். கட்டை இடது தோளில் உட்கார்ந்த கணத்தில் கழுத்திலிருந்து விரல்வரை ஒரு நெருப்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாசலைத் தாண்டினோம். நாலு எட்டு, ஐந்து எட்டு. பிறகு என் கை கட்டையில் இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. தூம்பா என் பக்கம் சாய்ந்தது. உள்ளே அம்மா நகர்ந்த சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கூட்டத்திலிருந்து ஒருவர் என் தோளுக்கடியில் தோளைக் கொடுத்து, என்னை மெதுவாக வெளியே தள்ளினார். எல்லாம் முன்பே பேசி வைத்ததுபோல நடந்தது. நான் விடாமல் கட்டையைப் பிடிக்கப் போனேன். மச்சான் திரும்பாமலேயே, தணிந்த குரலில் சொன்னான்.

"விடுல. அத்தை எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்கு. அவன் தோள் ஆவாது, அவன தூக்க விட்டுராதிய, பேருக்கு நாலு எட்டு நடக்கட்டும்னு."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, என்னிடம் காட்டிக்கொள்ளாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

யாரோ என் கையில் எரிகிற மெழுகுதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். தூம்பாவுக்குப் பின்னால் நடந்தேன். கடல் காற்று சாடியது. ஒரு கையில் திரியைப் பிடித்து, மறு கையால் அணையாமல் மறைத்துக்கொண்டு போனேன். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. காலையிலிருந்து எத்தனையோ பேர் துக்கம் விசாரித்த போன், வழி கேட்கும் சொந்தக்காரர் யாரோ என்று எடுத்தேன். எடுத்த கை உடனே திரியை மறைக்கத் திரும்ப வேண்டியிருந்தது.

"அண்ணே, கேட்ல நிக்கேன். சீல் நம்பர் தப்புன்னு சொல்லுதாங்க," என்றார் ஒரு டிரைவர். அவருக்கு விஷயம் தெரியாது.

முந்தின நாள் நான் போட்ட பில். எண் எனக்கு மனப்பாடமாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார், கடைசி எண்ணைத் திருத்தினேன். சரி அண்ணே என்று அவர் வைத்த பிறகுதான் என்னை நானே பார்த்தேன். இரண்டு கையும் மெழுகுதிரியில் இருந்தன. தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. என் அம்மாவை ஐந்து எட்டுக்கு மேல் தாங்காத அந்தத் தோள், காதோடு சேர்த்துப் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.