எங்கள் மகளிடம் தோற்றவர்கள்

ஒரு சனிக்கிழமை பிற்பகல், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, நான் தலையைத் திருப்பினேன். எனக்கும் என் மகளுக்கும் இடையே எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான். நினைவு மலர் என்றால் பிறப்பு, படிப்பு, குணநலன் என்று வரிசையாக எழுதுவார்கள். அதற்கும் வருகிறேன். மகள் மறைந்து ஓராண்டு முடிகிற இந்த நாளில், இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்கள் முதலில் அந்த இரண்டு மணி பத்து நிமிடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள்.

மகள் விளையாடியது போச்சா. தரையில் கிடக்கும் ஒரு வெள்ளைப் பந்துக்கு யார் தங்கள் பந்துகளை நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. பந்தை எறியும் வலு மகளின் கைகளுக்கு இல்லை. அவள் சக்கர நாற்காலிக்கு முன்னால் ஒரு சறுக்குப் பலகை இருக்கும். அதன் உச்சியில் வைத்த பந்தை அவள் விரலால் தள்ளிவிடுவாள். பலகையை இடம், வலம் நகர்த்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ஆடுபவரைப் பார்த்தபடி உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. திரும்பவே கூடாது. மகளுக்கு அந்த ஆள் நான்.

அன்றைக்குக் கடைசிச் சுற்று. வென்றால் வெளிநாடு செல்லும் அணியில் அவளுக்கு இடம் உண்டு. "லெஃப்ட். இன்னும் கொஞ்சம். போதும்பா," என்றாள். அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து என் அண்ணனின் குரல் கேட்டது.

"பந்து உருட்டறதுக்கா நம்மள இவ்வளவு தூரம் வரச் சொன்னான்?"

கூட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நடுவர் கையை உயர்த்தினார். என் தவறுக்காக எதிராளிக்குக் கூடுதலாக ஒரு பந்து கிடைத்தது. அந்தப் பந்தில் மகள் தோற்றாள்.

சுவா சூ காங்கில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வேனில் திரும்பினோம். புளோக்கின் கீழே இறங்கியதும் சொன்னாள்: "நான் உங்களுக்கு நேர் எதிர்லதானே இருந்தேன்? என்னைப் பாக்கறத விட்டுட்டு அவங்களைப் பாத்தீங்க. இனிமே நீங்க வரவேணாம். அம்மா வரட்டும்."

"தெரியாம செஞ்சிட்டேன்மா."

"தெரியாம இல்லப்பா. பொறந்ததுலேருந்து இதையேதான் செய்றீங்க."

அவள் சொன்னது சரியா என்று இந்த ஓராண்டாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் பிறந்தபோது நாங்கள் சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு வாடகை அறையில் இருந்தோம். ஒன்றரை வயதாகியும் அவள் எழுந்து நிற்கவில்லை. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய் என்றார் டாக்டர். முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில் நுரையீரல் என்று வரிசையையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் பயந்தே வாழ்ந்தேன். மகள் பயப்படவில்லை. படித்தாள், சண்டை போட்டாள், யார் தப்பாகப் பேசினாலும் முகத்துக்கு நேரே திருத்தினாள். "பாவம், இந்தப் பிள்ளை," என்று மின்தூக்கியில் ஒரு பெண்மணி சொன்னபோது, "ஆன்ட்டி, உங்க மாடி தாண்டிப் போச்சு," என்றாள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நம் குடும்பத்தில் ஒரு திருமணம் நடந்தது. ஆரத்தித் தட்டு ஏந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டீர்கள். அவளும் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அவ கை நடுங்கும், தட்டைப் போட்டுட்டா அபசகுனமாயிடும்," என்றார் அண்ணன். சக்கர நாற்காலி வழியை அடைக்கிறது என்று அதைத் தூணுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பந்திக்கும் அவளை அழைக்கவில்லை. சாப்பாடு தட்டில் வந்தது. தள்ளி வைத்தவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்களுக்குத் தெரியும். அன்று மறுத்துப் பேசாமல் தலையாட்டிய தகப்பனின் பெயரை மட்டும் எழுதலாம். அது இந்த மலரின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

பத்தொன்பது வயதில் அவளாகவே கைபேசியில் தேடி போச்சா பயிற்சிக்குப் பதிந்துகொண்டாள். எங்களிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததும் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அவளுக்குத் தெரியாமல் பயிற்றுவிப்பாளரைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி, அவள் பெயரை எடுக்கச் சொன்னேன். குளிரூட்டிய அரங்கம், யாரோ ஒருவரின் இருமல், வேனில் ஒரு குலுக்கல், எதை நினைத்தாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். "மூச்சு விடறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமாப்பா?" என்று கேட்டாள். பிறகு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சோறு ஊட்ட நான் போனால் வாயைத் திறக்க மாட்டாள். அம்மா வந்தால்தான் சாப்பிடுவாள். கடைசியில் நான் இறங்கி வந்தேன், ஒரு நிபந்தனையோடு: சறுக்குப் பலகையை நான்தான் பிடிப்பேன். பிள்ளையைக் கண்காணிக்க நல்ல வழி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். பயிற்றுவிப்பாளர் முதல் நாளே எச்சரித்தார்: "சார், பெத்தவங்களுக்கு இந்த வேலை ரொம்பக் கஷ்டம். திரும்பாம இருக்க முடியாது." நான் சிரித்தேன்.

என்னை நீக்கிய பிறகு என் மனைவி பலகையைப் பிடித்தார். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எப்படி முடிகிறது என்று கேட்டேன். "அவ மூஞ்சியிலயே எல்லாம் தெரியுதே, பின்னால என்ன இருக்கு?" என்றார். அந்த மூன்று ஆண்டுகளும் நான் அரங்கத்துக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில், இன்ஹேலரும் போர்வையும் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உள்ளே வர மகள் அனுமதிக்கவில்லை. வெற்றியோ தோல்வியோ, வெளியே வரும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். தோற்ற நாட்களில் எதிராளியைத் திட்டிக்கொண்டே வருவாள். அந்த நாட்களில்தான் நன்றாகச் சாப்பிடுவாள்.

பிறகு சளி பிடித்தது. அது நுரையீரலுக்கு இறங்கியது. மருத்துவமனையில் பதினொரு நாட்கள். வயது இருபத்து நான்கு.

"விளையாட்டுன்னு அலைய விட்டான். அதான் பிள்ளை போய்ச் சேர்ந்துட்டா," என்று துக்க வீட்டில் பேசினீர்கள். என் காதில் விழவேண்டும் என்றே பேசினீர்கள். பதில் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. இன்று சொல்கிறேன். சளி பிடிப்பதற்கு முந்தைய பத்து நாட்கள் மகள் எந்த அரங்கத்துக்கும் போகவில்லை. பயிற்சி விடுமுறை. அந்த வாரம் வீட்டுக்குள் இருமிக்கொண்டிருந்தவன் நான். உலகத்துச் சளியையெல்லாம் இருபத்து நான்கு ஆண்டுகள் வாசலிலேயே தடுத்து நிறுத்தியவன், கடைசியில் அதைத் தன் சட்டையிலேயே கொண்டுவந்தேன். பழி வேண்டுமென்றால் என் மேல் போடுங்கள். அந்த ஆட்டத்தின் மேல் போடாதீர்கள். அவளுக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். சக்கர நாற்காலியைத் தானே இறுக்கிக் கட்டி, மகள் தலையசைத்த பிறகே வேனை எடுத்த ஓட்டுநருக்கு. உருண்டோடிய பந்துகளைப் பொறுக்கிக் கொடுத்த தொண்டூழியர்களுக்கு. கடைசி இரவுகளில் அவள் கோபித்துக்கொண்டபோதும் சிரித்த தாதியருக்கு. என் பொய்யைத் தெரிந்துகொண்ட பிறகும் என்னை உள்ளே விட்ட பயிற்றுவிப்பாளருக்கு. பூமாலையோடு வந்த மற்ற எல்லோருக்கும் பூமாலைக்காக நன்றி.

இறுதி நாளில் நடந்தது ஒன்று பாக்கி. மகளின் உடலைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தோம். எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. என் மனைவி விடவில்லை. "ஸ்டெல்லா வர்றேன்னு சொல்லியிருக்கா. அவ வந்தப்புறம்தான் எடுக்கணும்."

"யாரும்மா அது? மண்டாய் சுடுகாட்டுல நம்ம நேரம் தவறிப்போச்சுன்னா என்ன செய்யறது?" என்று அண்ணன் கத்தினார்.

"நீங்க வேணும்னா முன்னால போங்க மாமா."

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுடா."

"காத்திருப்போம்," என்றேன். அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் சொன்ன முதல் மறுப்பு அது. சுற்றி நின்றவர்கள், பாவம், கஷ்டப்பட்டது போதும், விடுதலை கிடைத்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அன்று காலையிலிருந்து இதையேதான் சொன்னார்கள்.

இருபது நிமிடம் கழித்து பூன் லேயிலிருந்து வேன் வந்தது. பின்பக்கம் திறந்து, ஒரு சக்கர நாற்காலி மெல்ல இறங்கியது. முப்பது வயதுப் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. மகளோடு போட்டிகளில் மோதிய ஸ்டெல்லா அவர்தான் என்று மனைவி சொன்னார். பிறவியிலேயே வந்த மூளை வாதத்தால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் போராடித்தான் வெளியே வரும். மகளின் தலைமாட்டில் நாற்காலியை நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. அது அழுகை இல்லை, கோபம். பிறகு என் பக்கம் திரும்பினார். சொல்லி முடிக்கும்வரை அந்தக் கீழ்த்தளமே வாயை மூடிக் காத்திருந்தது.

"போன மேட்ச்ல என்னைத் தோக்கடிச்சிட்டா, அங்கிள். நான் திருப்பி ஜெயிக்கறதுக்குள்ள போயிட்டா. நாட் ஃபேர் லா."