ஒரு கொறையும் இல்ல

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் ஏழு வருசமாக ஒரு வெள்ளை வேன் நின்றது. பக்கவாட்டில் நீலத்தில் இங்கிலீஷ் எழுத்து, அதுக்குக் கீழே ஒரு பிள்ளைக் கை வரைந்திருக்கும். எழுத்தை வாசித்தவர்கள் ஊரில் கொஞ்சப்பேர்தான். 'வெளிநாட்டுக்காரன் வேன்' என்று கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் கை காட்டிவிடுவார்கள். அந்த வேனை ஓட்டியவர் வேல்ராஜ்.

வேல்ராஜ் எட்டாவது ஃபெயில். பதினாறில் லாரி கிளீனர், இருபத்திரண்டில் டிரைவர். நாற்பது வயசு வரைக்கும் எலுமிச்சை மூடையோடு கேரளாவுக்குப் போய் வந்தார். இடுப்பு விட்டுப்போன பிறகு லாரி ஆகாது என்றாகி, யாரோ சொல்லி இந்த வேலைக்கு வந்தார். அவர் ஒரு ஆளைப் பார்த்துச் சிரித்தார் என்று யாரும் சொன்னதில்லை. வண்டியை மட்டும் தினம் துடைப்பார்.

வேனுக்குள் பின்னால் சீட்டு கிடையாது. பாய், பெரிய ரப்பர் பந்து, பிடித்து நடக்க இரண்டு கம்பி. கடையநல்லூரிலிருந்து மெஹர்பானு வரும். கை கால் விளங்காத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு படித்த பெண். செவ்வாய் மேலநீலிதநல்லூர்ப் பக்கம், வியாழன் திருவேங்கடம் பக்கம். ஊர் ஊராகப் போய் வேனை நிழலில் நிறுத்தினால், தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பஸ் ஏறி டவுனுக்கு வர முடியாத சனம். கரிசலில் மக்காச்சோளம், உளுந்து, இல்லாத நாளில் நூறு நாள் வேலை. பேப்பரில் மாற்றுத்திறனாளி என்று எழுதுவார்கள். ஊர் வாயில் அது 'கொறை உள்ள பிள்ளை'தான்.

செவ்வாய்க்கிழமையில் மூணாவது ஊர் யோகலட்சுமி ஊர். புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மகள் இசக்கிச்செல்வி, ஒன்பது வயசு. வேன் முதலில் வந்தபோது அவளுக்குத் தலை நிற்காது, துணி மாதிரி தாய் தோளில் கிடப்பாள். இப்போது சுவர் மூலையில் வைக்கிற, பெல்ட் போட்ட மரநாற்காலியில் ஒன்றரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருவாள். தடித்த பிடி போட்ட கரண்டியை அவளே பிடித்துச் சோறு தின்பாள். பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. வாரம் தவறாமல் இடுப்பையும் தொடையையும் இழுத்துவிட வேண்டும், விட்டால் மறுபடி முறுக்கிக்கொள்ளும் என்று மெஹர்பானு சொல்லும்.

ஊர் வளைவில் வேல்ராஜ் ஆரன் அடிப்பார். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. அதைக் கேட்டதும் இசக்கிச்செல்வி ரெண்டு கையையும் மேலே தூக்குவாள். வேன் போய் நிற்கும்போது அந்தக் கை அப்படியே நிற்கும். தாய் தலைக்கு எண்ணெய் தேய்த்து, சீவி, பொட்டு வைத்து வாசலில் இருத்தியிருப்பாள்.

வேனை நடத்துகிற வெளிநாட்டு அமைப்பு முதலில் ஒரு வருசம் ஓட்டிப் பார்த்தது, பிறகு மூணு மூணு வருசத்துக்குத்தான் வேலைக்கு ஒப்புக்கொண்டது. போன ஆவணியோடு ரெண்டாவது மூணும் முடிகிறது. மறுபடி உண்டா இல்லையா என்று பார்க்கப் பங்குனியில் அங்கிருந்து ஒரு அம்மா வருகிறாள் என்று சொன்னார்கள். அவள் சரி என்று எழுதினால்தான் வேன் ஓடும். இது தாய்மார் எல்லாருக்கும் தெரியும்.

"என்ன வே வேல்ராஜு, வெள்ளக்காரி வாராளாமே. இங்கிலீசு படிச்சிட்டீரா?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் செல்லச்சாமி கேட்டார்.

"நான் கிளச்சத்தான் மிதிக்கணும். அதுக்கு என்ன பாசை வேண்டிக் கெடக்கு?"

வந்தாள். நெட்டையான அம்மா, கையில் பெரிய தண்ணி பாட்டில், முகமெல்லாம் வெயிலில் சிவந்துபோயிருந்தது. பேச்சை மாற்றிச் சொல்ல சென்னையிலிருந்து பர்ஹத் என்று ஒரு பெண் கூட வந்தது. ஒவ்வொரு ஊரிலும் அந்த அம்மா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாய்மாரிடம் கேட்டாள். தாய்மார் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். கேட்டதுக்கெல்லாம் "உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்" என்றார்கள். யோகலட்சுமியும் அதையேதான் சொன்னாள். கடல் தாண்டி வந்து நம் வாசலில் உட்கார்ந்திருக்கிறவளிடம் ஒப்பாரி வைக்கவா முடியும்? அந்த அம்மா சிரித்துக்கொண்டாளே தவிர, அதிகம் எழுதவில்லை.

திரும்புகையில் அந்த அம்மா முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னாலிருந்து பர்ஹத் எட்டிக் கேட்டது.

"அண்ணா, நீங்கதான் ஏழு வருஷமா எல்லா ஊருக்கும் போறீங்களாம். இந்தக் குடும்பங்களுக்கு இன்னும் ஏதாவது குறை இருக்கான்னு மேடம் கேக்கறாங்க."

அது நோன்பு மாதம். மெஹர்பானு விடியவே எழுந்து, பச்சைத் தண்ணி குடிக்காமல் வேலை செய்கிறது. இரண்டு செவ்வாய் பிந்திப் போயிற்று, ஒரு ஊரை விட்டும் விட்டார்கள். யாரோ பானுவைப் பற்றிக் கொறை சொல்லிவிட்டார்கள் என்றுதான் வேல்ராஜுக்குப் பட்டது. மேலே இருந்து வந்த ஆள் குறை உண்டா என்று கேட்டால், புகார் உண்டா என்பதுதானே நம் பக்கத்தில் அர்த்தம்? அந்தப் பெண்ணுக்கு வேலை போனால் போகட்டும் என்று சும்மா இருக்க அவருக்கு மனசு வரவில்லை. ஏழு வருசத்தில் அவர் அத்தனை அழுத்தமாக எதையும் சொன்னதில்லை.

"ஒரு கொறையும் இல்லம்மா. எல்லாருக்கும் எல்லாம் கெடச்சாச்சு. ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. எங்கன வேணும்னாலும் போயிச் சொல்லுதேன்."

பர்ஹத் அதை இங்கிலீஷில் சொன்னது. அந்த அம்மா பேனாவை எடுத்தாள். வெகுநேரம் எழுதினாள். வேல்ராஜ் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். மெஹர்பானு பந்தில் சாய்ந்து கண்ணை மூடி இருந்தது. பரவாயில்லை, காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார்.

கடிதம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்றைக்கு வந்தது. டவுனில் வண்டி நகரவில்லை, ரோடெல்லாம் சனம். ஆபீசில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மெஹர்பானு கம்ப்யூட்டரைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னது. இந்தப் பகுதி இனிச் சொந்தக் காலில் நிற்கும், ஆவணியோடு வேன் நிறுத்தப்படும். பயனடைந்தவர்கள் நன்றிக்காக நல்லதாகப் பேசுவது வழக்கம், அதனால் அதை மட்டும் நம்பவில்லை. ஆனால் ஏழு வருசம் எல்லாக் குடும்பத்தையும் பார்த்த உள்ளூர் டிரைவரும் இங்கே குறை எதுவும் மிச்சமில்லை என்று உறுதியாகச் சொன்னார்.

மெஹர்பானு வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

"நீங்க என்ன சொன்னிய அண்ணாச்சி?"

சொன்னார். நோன்பு, பிந்திப்போன செவ்வாய், யாரோ கோள் சொன்னதாக நினைத்தது, எல்லாம்.

"எனக்காகவா சொன்னிய?"

"பின்ன?"

வெளியே யாரோ பிள்ளையைக் காணவில்லை என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, நாலு வயசு. நாலு தடவை அதையே சொன்னார்கள். அப்புறம் மெஹர்பானு, "நான் எழுதிப் பாக்கேன்" என்றது. குறை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்னென்ன அர்த்தம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியது. பத்து நாளில் பதில் வந்தது. வருத்தம் புரிகிறது, அரசாங்க ஏற்பாடு இருக்கிறதே, இந்த வருச நிதி ஏற்கெனவே வேறொரு நாட்டுக்கு ஒதுக்கியாகிவிட்டது, டிரைவருக்கு எங்கள் அன்பு. அரசாங்க ஏற்பாடு டவுனில், மாதம் ஒரு நாள். யோகலட்சுமி ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஆவணிக் கடைசிச் செவ்வாய்தான் கடைசிச் சுற்று. வளைவில் ஆரன் அடித்தார். கை மேலே போயிற்று. மெஹர்பானு பிள்ளையைப் பாயில் கிடத்தி, எப்படி இழுத்துவிட வேண்டும் என்று தாய்க்குக் காட்டியது. யோகலட்சுமி செய்து பார்த்தாள். பிள்ளை கத்தியதும் கையை எடுத்துவிட்டாள்.

"சொந்தக் கால்ல நிக்கோம்னு எழுதியிருக்காவளாமே அண்ணாச்சி," என்றாள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு. "எம்புள்ள நிக்கலையே."

வேல்ராஜ் நாற்காலியின் பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை வளர்ந்திருந்தாள்.

"நாந்தாம்மா சொன்னேன். ஒரு கொறையும் இல்லன்னு. அந்தம்மா கேட்டா. நான் சொல்லிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று பார்த்தார். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"நானும் அதத்தான சொன்னேன்," என்றாள் யோகலட்சுமி. "வந்தவகிட்ட வேற என்னத்தச் சொல்ல." அப்புறம், "காப்பி போடவா?" என்று கேட்டாள்.

குடித்தார். பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

வேன் மதுரைக்குப் போயிற்று. அதுக்கு முன்னால் நீல எழுத்தை பிளேடால் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். ஒரு பகல் பூராவும் உட்கார்ந்து அவர்தான் எடுத்தார். பிள்ளைக் கை மட்டும் சீக்கிரம் வரவில்லை. மெஹர்பானு தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. எப்போதாவது போன் போடும். "எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்கும். "இருக்கேன்" என்பார்.

இப்போது வேல்ராஜ் கோழித்தீவன லோடு வண்டி ஓட்டுகிறார். அந்தப் பக்கப் பண்ணைகளுக்குச் செவ்வாய்க்கிழமைதான் லோடு. அவர் கேட்டு வாங்கியதில்லை, அப்படி அமைந்தது. யோகலட்சுமி ஊர் வளைவு மோசமான வளைவு, மறுபக்கம் கருவேலம் அடைத்துக் கிடக்கும், எதிரே டிராக்டர் வந்தால் தெரியாது. கூட வருகிற லோடுமேன் இசக்கித்துரை முதல் நாளே சத்தம் போட்டான்.

"யோவ் அண்ணாச்சி, ஆரன் அடியும்! செத்துக்கித்துப் போவோம்!"

வேல்ராஜ் கியரைக் குறைத்தார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, எதிரே ஒன்றும் வரவில்லை என்று பார்த்து, மெதுவாகத் திருப்பினார். ஆறு மாதமாக அந்த வளைவை அப்படித்தான் கடக்கிறார். அந்த இடத்தில் மட்டும் ஆரன் அடிப்பதில்லை.