சுவரிலும் ஓடிய நூல்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்ற திமிரில் நான் செய்த காரியம் இது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கா காலேஜ் மாணவர்களுக்குத் தீசிஸ் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பல வருடமாக அவளுக்குச் சர்க்கரை நோய். ஒருநாள், "ஸ்கிரீன்ல கறுப்பா நூல் நூலா ஓடறதுடா" என்றாள். நான் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. பழைய மெஷின், சூடானால்தான் கோளாறு தெரியும், டிஸ்ப்ளே கார்டு போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன்.

அதற்குப் பொருந்துகிற மலிவான கார்டைத் தேடி ஆறு வாரம் தி.நகர் கடைகளில் ஏறி இறங்கினேன்.

"இந்த மெஷினுக்கு இப்ப யாரு நைனா கார்டு வச்சிக்கினு கீறாங்க?" என்றார் ஒரு கடைக்காரர். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

"நூல் ஜாஸ்தியாயிடுத்துடா" என்பாள் அக்கா. "கொஞ்சம் பொறு" என்பேன்.

ஒருவழியாகக் கார்டு கிடைத்தது. மாட்டியதும் எழுத்தெல்லாம் பளிச்சென்று வந்தது. அக்கா பார்த்துவிட்டு, "இன்னும் ஓடறதே" என்றாள். எரிச்சலில் மானிட்டரை அணைத்தேன். அவள் வெள்ளைச் சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் எதையோ விலக்கினாள்.

"இங்கயும் ஓடறது. நாள் பூரா ஸ்கிரீனையே பாத்துண்டு இருக்கறதாலன்னு நெனச்சேன். நீதான் கார்டுன்னு சொன்னியே."

சர்க்கரை நோயால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் கண் டாக்டர். வலது கண் போய்விட்டது.

அக்கா ஒவ்வொரு முறை சொன்னபோதும் நான் திரையைத்தான் பார்த்தேன். அவளைப் பார்க்கவில்லை.