தொழிற்சாலைக் குளத்து ஆமை

கல்முனை பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் உறுமியதும் அந்தப் பச்சை இனிப்பு வாசம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், எனக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது.

பெருநாளுக்கு மறுநாள். சாய்ந்தமருதிலிருந்து வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு சீனித் தொழிற்சாலைக் குளத்துக்குப் போயிருந்தோம். ஆலைக்காகத் தண்ணீர் தேக்கிய குளம். காற்றெல்லாம் இதே வாசம். பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து நின்றன. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் உம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

குளிக்க இறங்கிய சின்ன மாமா ஆழ்கடல் மீனவர். தூரத்தில் தண்ணீருக்கு மேல் கறுப்பாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்து மூச்சு விட்டது.

"ஆமைடா! கடலில எத்தின பாத்திரிக்கன்!" என்று கத்திக்கொண்டே அதை நோக்கி நீந்தினார்.

நாங்கள் கரையில் துள்ளினோம். "புடிங்க மாமா! புடிங்க!"

அவர் கையை நீட்டியபோது அந்த மூக்கு நீண்டது. நீண்டுகொண்டே வந்தது. பிறகு நெற்றி, காது, நீர் வழியும் பெரிய முதுகு. யானை!

"யா அல்லாஹ்! தம்பி, வந்திரு!" உம்மாவின் அகப்பை பறந்தது.

வந்த வேகத்தில் மாமா மட்டும்தான் கரை சேர்ந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரனை யானை தும்பிக்கையில் தூக்கிக் கொடி போல ஆட்டியது.

இன்று அதே மாமா, நரைத்த தாடியோடு, என் பக்கத்தில் நின்று கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அண்டைக்கி நீங்க கண்ட ஆமை..."

"ஓம், முதல்ல ஆமைதான். யானை மறுகாதான் வந்த" என்றார் முகம் மாறாமல். இடது கை மட்டும் சாரன் முடிச்சை இறுக்கியது.